தட்டணுவைப் படிக்க எந்தக் கல்லூரி?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ, கணிதம்-உயிரியல் பிரிவு. என் மாமனாருக்குப் பல் பொருத்தும்போது அவருடைய ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, எலும்புத் தூளில் குழைத்துத் தாடையில் வைத்தார்கள். கூடப் போயிருந்த மகள் அன்றிலிருந்து ‘எலும்பு வளர்க்கும் படிப்பு’ வேண்டும் என்கிறாள். அப்படி ஒன்று உண்டா? வேலை கிடைக்குமா? நீட் எழுதச் சொல்லட்டுமா?

பதில்: அம்மா, உங்கள் மாமனாருக்கு ரத்தத்திலிருந்து எடுத்து வைத்ததைப் போன்றவற்றுக்குப் பி.ஆர்.பி. (தட்டணு செறிந்த பிளாஸ்மா) என்று பெயர். அந்தப் பெயரில் பட்டம் வாங்கி யாரும் அந்த வேலைக்கு வருவதில்லை. பல் மருத்துவர் ஒரு வழியாக வருகிறார், உயிரிப்பொருள் ஆய்வாளர் வேறு வழியாக வருகிறார். ஆகவே கல்லூரிப் பெயர்களைப் பிறகு பார்ப்போம். உங்கள் மகளை எது இழுத்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

டெங்கு புண்ணியத்தில் ‘பிளேட்லெட்’, அதாவது தட்டணு, நம் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களைப் பிரித்துவிட்டு, தட்டணுக்களை ஏறத்தாழ 10 லட்சம் அளவுக்குச் செறிவாக்கினால் கிடைப்பதுதான் இந்தப் பி.ஆர்.பி. தட்டணுக்கள் ரத்தத்தை உறைய வைப்பதோடு நிற்பதில்லை. காயம் பட்ட இடத்துக்குச் செல்களை வரவழைத்துப் பெருகச் செய்யும் வளர்ச்சிக் காரணிகளையும் கொட்டுகின்றன.

இதை எலும்புச் சிகிச்சையில் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் மயாமியைச் சேர்ந்த முக அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ். 1998-இல் தாடை எலும்பை இழந்த 88 பேருக்கு எலும்பு ஒட்டு வைத்ததைப் பற்றி எழுதினார். பாதிப் பேருக்கு ஒட்டுடன் பி.ஆர்.பி.யும் சேர்த்திருந்தார். ஆறு மாதத்தில் சேர்த்தவர்களின் எலும்பு அடர்த்தி 74 சதவீதம், சேர்க்காதவர்களுக்கு 55 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று முடி கொட்டுவதற்கும் பி.ஆர்.பி. பலகை தொங்குகிறது, அந்தக் கதை வேண்டாம்.

ஆனால் அதே வெற்றி எல்லோருக்கும் கிட்டவில்லை. கை, கால் நீள எலும்புகள் கூடுவதற்கு இது உதவுகிறதா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2012-இல் ஆராய்ந்தபோது, தகுதியானதாகத் தேறியது ஒரே ஒரு சிறிய ஆய்வுதான். காரணங்கள் சுவையானவை. ஒருவர் தயாரிக்கும் பி.ஆர்.பி. போல இன்னொருவருடையது இருப்பதில்லை: சுழற்றும் வேகம், வெள்ளணுக்களின் அளவு, ரத்தம் தந்தவரின் உடல்நிலை எல்லாமே மாறுகின்றன. உறையத் தூண்டியதும் வளர்ச்சிக் காரணிகளின் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே வெளியேறிவிடும், எலும்பு வளரவோ மாதக்கணக்கில் ஆகும். எலும்பாக மாறக்கூடிய செல்லே இல்லாத இடத்தில் பிளாஸ்மா மட்டும் எலும்பை உண்டாக்கிவிடாது. வீடு கட்டுவதோடு ஒப்பிட்டால், பி.ஆர்.பி. என்பது வேலையாட்களைக் கூப்பிடும் குரல். ஆளும் வேண்டும், ஏறி நிற்கச் சாரமும் வேண்டும். அந்தச் சாரத்தை ஹைட்ராக்ஸிஅபடைட் போன்ற கால்சியம் பாஸ்பேட் பொருள்களில் செய்து, காரணிகள் மெல்ல மெல்லக் கசியும்படி அமைப்பதுதான் திசுப் பொறியியலாளரின் வேலை.

மேலே உள்ள பத்தியை மகளிடம் படிக்கக் கொடுங்கள். ‘ஏன் சிலருக்குப் பலிக்கவில்லை?’ என்று குடைந்தால் அவள் ஆய்வுக்கூடத்துக்கு உரியவள். ‘தாத்தாவுக்கு ஆறிவிட்டதா?’ என்பதே அவள் கேள்வியானால் நீட் எழுதட்டும்: பி.டி.எஸ். ஐந்து ஆண்டு, எம்.டி.எஸ். மூன்று, அல்லது எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எலும்பியல் எம்.எஸ். மூன்று.

ஆய்வு என்றால் பயோமெடிக்கல் அல்லது பயோடெக்னாலஜி. கணிதமும் உயிரியலும் சேர்ந்து படிப்பதால் பொறியியல் கலந்தாய்வு, நீட் இரண்டும் அவளுக்குத் திறந்தே இருக்கின்றன. ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பி.இ. முடித்த கையோடு எலும்பு வளர்க்கும் வேலை கிடைக்காது. பெரும்பாலும் மருத்துவமனைக் கருவிப் பராமரிப்பு, கருவி விற்பனை, தரக் கட்டுப்பாடுதான் கிடைக்கும். அவையும் மதிப்பான வேலைகளே, ஆனால் அவள் கனவு அதுவல்ல. அதற்குப் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதி (2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித்தாள் உண்டு) எம்.டெக்., பிறகு பி.எச்டி. என்று போக வேண்டும். பிளஸ் டூவிலிருந்து பத்து ஆண்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து கிளினிகல் இன்ஜினியரிங் எம்.டெக். நடத்துகின்றன. பொறியாளரை மருத்துவமனைக்குள் கொண்டுபோய் நிறுத்தும் படிப்பு என்பதால் எனக்கு அதில் தனிப் பிரியம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் பி.எச்டி. காலத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023-இல் உயர்த்தியது. ஆகவே பத்து ஆண்டும் உங்கள் பணத்தில் ஓடாது.

மூன்று நான்கு ஆண்டுகளில் சம்பளம் வந்தாக வேண்டிய வீடு என்றால், மருத்துவ ஆய்வக நுட்பத்தில் பி.எஸ்சி. படித்து ரத்த வங்கிப் பக்கம் போகலாம். சில வாரத்தில் ‘ஸ்டெம் செல் நிபுணர்’ ஆக்குகிறேன் என்று சான்றிதழ் விற்பவர்களிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள். நோயாளிக்கு ஊசி போடும் உரிமை அந்தத் தாளால் வராது.

மாமனார் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மகளையும் அனுப்புங்கள். ரத்தத்தை எப்படிச் சுழற்றிப் பிரிக்கிறார்கள் என்று ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலான மருத்துவர்கள் மகிழ்ச்சியாகவே காட்டுவார்கள். வீடு திரும்பியதும் அவள் கேட்கும் முதல் கேள்வியை எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அதை வைத்துப் பேசுவோம்.