கொவிட் சுகமான பின் வரும் கடும் காய்ச்சல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. கொவிட் வந்து வீட்டிலேயே சுகமானார். நாலு கிழமை கழித்துக் கடும் காய்ச்சல், வயிற்றோட்டம், கண் சிவப்பு. எலிக்காய்ச்சல் என்று வார்ட்டில் சேர்த்தார்கள். பிறகு கொவிட்டின் பின்விளைவான அழற்சி என்றார்கள். இருமல் இல்லை, பி.சி.ஆரும் நெகட்டிவ். இது எப்படி?
– வாசகி, மூதூர்

பதில்: வைரஸ் போன பிறகு வருவதே இந்த நோயின் இயல்பு. கொவிட் வந்து 2 முதல் 12 கிழமைக்குள், பெரும்பாலும் நாலாம் கிழமையை ஒட்டி, அடங்கவேண்டிய நோயெதிர்ப்பு அடங்காமல் பல உறுப்புகளை ஒரேயடியாகத் தாக்குகிறது. பிள்ளைகளில் இதை 2020 ஏப்ரலில் பிரித்தானிய மருத்துவர்கள் கவனித்தார்கள். பெரியவர்களுக்கும் வருகிறது என்று அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது, அதைத்தான் எம்.ஐ.எஸ்-ஏ (பெரியவர்களின் பல உறுப்பு அழற்சி நோய்) என்கிறார்கள். அரிதான நோய்தான். ஆனால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் இருதயம், நுரையீரல் அல்ல. இருமல் இல்லாதது அதனால்தான்.

பி.சி.ஆர். நெகட்டிவ் என்பதை வைத்து இதை விலக்கவே முடியாது. கொவிட் வந்துபோனதைக் காட்டும் அன்டிபொடி (எதிர்ப்புப் புரதம்) பரிசோதனையும் நம் இலங்கையில் சிக்கலானது. தடுப்பூசி போட்ட எவருக்கும் ஸ்பைக் (வைரஸின் வெளி முள்) அன்டிபொடி இருக்கும். நம்மில் பெரும்பாலானோர் போட்ட சைனோபாம், முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது. ஆகவே நியூக்ளியோகப்சிட் (வைரஸின் உட்புறப் புரதம்) அன்டிபொடியும் அதனாலேயே வந்திருக்கலாம். எனவே “இத்தனையாம் திகதி கொவிட் வந்தது” என்று நீங்கள் சொல்லும் ஒரு வரி, இரத்தப் பரிசோதனை அளவுக்குப் பெறுமதியானது. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கேள்வி: மாரி காலத்தில் டெங்கும் எலிக்காய்ச்சலும் இங்கே வழமை. இந்த எம்.ஐ.எஸ்-ஏயை அவற்றிலிருந்து வீட்டிலேயே பிரித்தறிய முடியுமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: முடியாது. முயலவும் வேண்டாம். மூன்றிலும் காய்ச்சல் அடிக்கும், பிளேட்லெட் குறையும், பிரஷர் இறங்கும். எலிக்காய்ச்சலிலும் எம்.ஐ.எஸ்-ஏயிலும் பீளை இல்லாமல் கண் சிவக்கும். வயலில் இறங்கியவருக்குக் கெண்டைக்கால் வலி, கண் மஞ்சள், சிறுநீர் குறைவு என்றால் எலிக்காய்ச்சல் பக்கம் சந்தேகம் சாயும். டெங்கில் ஹிமட்டோகிரிட் (இரத்தத்தின் தடிப்பு) ஏறும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. எம்.ஐ.எஸ்-ஏயில் சி.ஆர்.பி.யும், அதேபோல் அழற்சியைக் காட்டும் பெரிட்டினும் மிக உயரும். ஆனாலும் கட்டாயம் பார்க்கவேண்டியவை ட்ரொப்போனின் (இருதயத் தசைச் சேதத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), ஈ.சி.ஜி., எக்கோ (இருதய ஸ்கேன்) மூன்றும். எக்கோவில் இருதயம் இரத்தத்தைத் தள்ளும் அளவு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இருதயம் தளர்ந்திருக்கிறது.

இந்த வேறுபாடு சேலைனில்தான் உயிர்ப்பிரச்சினை ஆகிறது. டெங்கில் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் அளந்து சேலைன் ஏற்றவேண்டும். தளர்ந்த இருதயத்துக்கு அதே அளவை ஏற்றினால் நீர் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். முடிவுகள் வரும்வரை எலிக்காய்ச்சலுக்கான அன்டிபயோட்டிக்கையும் சேர்த்தே கொடுப்பார்கள். அது குழப்பம் அல்ல, சரியான எச்சரிக்கை.

வீட்டில் பனடோல் மட்டும்: பெரியவருக்கு 500 மி.கி. குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8க்கு மேல் வேண்டாம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை புரூபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் எதுவும் கூடாது. கைகால் குளிர்தல், மயக்கம், நெஞ்சுவலி, படுத்தால் மூச்சு முட்டுதல், பேச்சில் தடுமாற்றம், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். குச்சவெளியிலிருந்தோ மூதூரிலிருந்தோ நோயாளியை பஸ்ஸில் இருத்திக் கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: இது வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: தொற்றாது. இது சொந்த நோயெதிர்ப்பின் கோளாறு.

கேள்வி: இந்த நோய் வந்த அண்ணாவுக்கு இமியூனோகுளோபியூலின் (அன்டிபொடிக் கரைசல்) ஏற்றினார்கள், ஸ்டீரொய்ட்டும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பின் எதைக் கவனிக்கவேண்டும்?
– வாசகர், கிண்ணியா

பதில்: இமியூனோகுளோபியூலின் உடல் நிறையில் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் கொடுக்கப்படும். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். 10 சதவீதக் கரைசலில் அது 1200 மில்லிலீற்றர். இருதயம் தளர்ந்தவருக்கு இவ்வளவு நீரும் பாரம் என்பதால் இரண்டு நாளாகப் பிரித்து ஏற்றுவதுண்டு. இந்த அளவுக்குப் பிறகு 11 மாதம் எம்.எம்.ஆர்., கொப்புளிப்பான் போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காது. டயக்னோசிஸ் கார்ட்டில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டீரொய்ட் குளிசையை உடம்பு தெம்பானதும் நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. 2, 3 கிழமையில் படிப்படியாகக் குறைக்காவிட்டால் அழற்சி திரும்பலாம். நீரிழிவு இருந்தால் அந்த நாட்களில் சீனி ஏறும், அடிக்கடி சோதியுங்கள்.

கேள்வி: கரைவலை இழுப்பது என் தொழில். இந்த நோய் வந்த பிறகு எப்போது வேலைக்குத் திரும்பலாம்?
– வாசகர், நிலாவெளி

பதில்: இருதயத் தசை அழற்சி இருந்ததென்றால் குறைந்தது 3 மாதம், சிலருக்கு 6 மாதம் வலை இழுக்கக்கூடாது. ஆறாத தசை கடும் பாரத்தில் தாளம் தவறி, இருதயம் திடீரென நின்றுவிடலாம். மெதுவாக நடக்கலாம். திரும்புமுன் எக்கோ, ட்ரொப்போனின், 24 மணித்தியாலம் உடம்பில் மாட்டியிருக்கும் ஹோல்ட்டர் ஈ.சி.ஜி., உடற்பயிற்சி ஈ.சி.ஜி. நான்கையும் கிளினிக்கில் கேளுங்கள். எல்லாம் சரியென்றாலும் முதல் சில கிழமைகளுக்குக் கரையில் வலை பிரிக்கும் வேலையோடு நின்றுகொள்ளுங்கள்.