பொது வீட்டுல சோலார் போடலாமா?

கேள்வி: எங்க வீடு பங்காளிங்க எல்லாருக்கும் பொது. ஓட்டுக் கூரை, பின்கட்டுல மட்டும் தளம். சோலார் வச்சா மானியம் உண்டா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: உண்டு ஆச்சி. 2024ல வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3ம் அதுக்கு மேலயும் 78,000 ரூபா, ஆனா முதல்ல நீங்க காசு போட்டு பேனல் மாட்டி நெட் மீட்டர் (ஈபில இருந்து எடுக்கிற கரண்ட், நீங்க திருப்பி அனுப்புற கரண்ட் ரெண்டையும் கணக்குப் பண்ற மீட்டர்) வச்சப்புறம்தான் பேங்க்ல ஏறும், பேனலும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். ஈபி கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பாருங்க, பங்காளிங்ககிட்ட சம்மதத்தை எழுதியே வாங்கிடுங்க, வாய்ப்பேச்சுல விட்டா பின்னாடி வம்புதான். அந்தப் பழைய ஓட்டு மேல யாரையும் ஏற விடாதீங்க, உடைஞ்சா அதே மாதிரி கிடைக்கிறது ரொம்ப கஷ்டம். பின்கட்டுத் தளமே போதும், 1 கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி, நிழல் விழாம இருக்கணும்.