16 கொடியா, 20 கொடியா?

அன்புள்ள ஐயா,

நாங்கள் மெல்பர்னுக்கு வந்து 9 வருடமாகிறது. பையனுக்கு 12 வயது. கிரிக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு இப்போது எந்நேரமும் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பால்தான். அவன் ஜீலாங் கட்சி, பக்கத்து வீட்டுத் தாத்தா எசென்டன் கட்சி. போன வாரம் வேலியோரம் நின்று இருவருக்கும் பெரிய வாக்குவாதம். எசென்டன் 20 முறை பிரீமியர்ஷிப் கொடி, அதாவது அந்த வருடத்தின் சாம்பியன் பட்டம், வாங்கியது என்கிறார் அவர். பையன் வைத்திருக்கும் புத்தகத்தில் 16 என்றுதான் இருக்கிறது. தேடிப் பார்த்தால் போட்டிகள் 1897இல் தொடங்கின என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறது, 1877 என்று இன்னோரிடத்தில், 1858 என்று வேறோரிடத்தில். எது சரி? ஆட்டமே பழங்குடிகளிடமிருந்து வந்தது என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார், அயர்லாந்துக்காரர்கள் கொண்டுவந்தது என்று இன்னொருவர். நீங்கள் இங்கே வந்திருந்தபோது மைதானத்தைச் சுற்றிப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாத்தாவும் பொய் சொல்லவில்லை, புத்தகமும் பொய் சொல்லவில்லை. இடையில் விடுபட்ட 4 கொடிகள் 1891 முதல் 1894 வரை எசென்டன் தொடர்ச்சியாக ஜெயித்தவை. அவை விக்டோரியன் ஃபுட்பால் அசோசியேஷனின் கணக்கில் வருபவை. இன்றைய ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக்), அந்த அசோசியேஷனிலிருந்து பிரிந்துபோன லீகின் வழியில் வந்தது. தனிக்குடித்தனம் போனவர்கள் போன தேதியிலிருந்துதானே நோட்டுப் போடுவார்கள்? அந்த நோட்டில் முதல் பக்கம் 1897. உங்கள் பையனிடம் ரகசியமாக ஒன்று சொல்லுங்கள். பழைய நோட்டைத் திறந்தால் தாத்தாவுக்கு 4 கூடும், ஜீலாங்குக்கு 7 கூடும்: 1878, 79, 80, 82, 83, 84, 86. வாக்குவாதத்தைத் தொடர்வது அவனுக்கு லாபம்தான்.

ஆனால் அந்தப் பழைய கொடிகளை யார், எப்படிக் கொடுத்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். மூன்று வருடங்களுமே சரி, ஒவ்வொன்றும் வேறொன்றின் தொடக்கம். 1858இல் ஆட்டம் இருந்தது, சங்கம் இல்லை. 1877இல் சங்கம் வந்தது, புள்ளிப்பட்டியல் இல்லை.

1858 ஜூலை 10ஆம் தேதி டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் மெல்பர்ன் விளையாட்டுப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சும்மா உட்கார்ந்து உடம்பை வளர்க்காமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கலாம், அது முடியாவிட்டால் துப்பாக்கி சுடும் கிளப்பாவது வேண்டும் என்று. கிரிக்கெட்டுக்கு ஒரு துணைத் தீனி, அவ்வளவுதான் யோசனை. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 7 சனிக்கிழமை, ஸ்காட்ச் காலேஜ், மெல்பர்ன் கிராமர் என்ற இரண்டு பள்ளிகளுக்கும் ஓர் ஆட்டம். பக்கத்துக்கு 40 பையன்கள். ஒரு கோலுக்கும் மற்றக் கோலுக்கும் நடுவே ஏறக்குறைய அரை மைல். அன்று முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஆடினார்கள், செப்டம்பரில் மூன்றாம் முறை. ஆளுக்கொரு கோலோடு சமன். நடுவர்களில் ஒருவர் வில்ஸ். இன்னொருவர் ஜான் மக்காடம் என்ற வேதியியல் ஆசிரியர். கடையில் டப்பாவில் வாங்குகிறோமே மக்கடேமியா கொட்டை, அது இவர் பெயரைத் தாங்கியதுதான்.

எம்சிஜி என்னும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே அந்த ஆட்டத்துக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பந்துக்காக முட்டிக்கொள்ளும் பையன்கள், பக்கத்தில் வில்ஸ். நான் போன அன்று அதன் காலடியில் யாரோ காபிக் கோப்பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மறு வருடம் மே 17ஆம் தேதி பரேட் ஹோட்டலில் நான்கு பேர் கூடி 10 விதிகளை எழுதினார்கள். வில்ஸ் இங்கிலாந்தில் ரக்பி பள்ளியில் படித்தவர். ஹேமர்ஸ்லியும் தாம்ப்சனும் கேம்பிரிட்ஜ். ஸ்மித் டப்ளின். அவரவர் படித்த இடத்தில் அவரவர் விதி. எதை எடுத்தாலும் மற்ற மூவருக்கும் ஒத்துவராது. அதனால் தகராறுக்குரியதை எல்லாம் கழித்துக்கட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஃப்சைடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கும் ரக்பிப் பழக்கத்துக்குத் தடை. காலை வாருவதற்கும் தள்ளுவதற்கும் மட்டும் அனுமதி உண்டு! பந்தைத் தரையிலிருந்து கையில் எடுக்கக் கூடாது. காலிலிருந்து வந்ததை அந்தரத்திலோ துள்ளும்போதோ பிடிக்கலாம். எறியவே கூடாது. முதல் விதிதான் எனக்குப் பிடித்தது: கோல்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதை அன்று ஆடும் இரு கேப்டன்களும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். தெருவில் செங்கல் வைத்து ஸ்டம்ப் நடுகிற பையன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையால் எழுதிய அந்தத் தாள் பல காலம் கண்ணில் படாமல் கிடந்து 1980இல்தான் எம்சிஜியில் ஒரு தகரப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

ஓடிக்கொண்டே பந்தைத் தரையில் தட்டுகிறார்களே, உங்கள் பையனும் கொல்லையில் தட்டிக்கொண்டிருப்பான், அது 1866இல் சேர்ந்தது. ஐந்தாறு கெஜத்துக்கு ஒரு தட்டு. அந்தத் திருத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஹாரிசன் வில்ஸின் உறவுக்காரர், அந்தக் காலத்தின் பெயர்பெற்ற ஓட்டக்காரர். வேகமாக ஓடுகிறவரே ஓட்டத்துக்குக் கடிவாளம் போட்டார்.

1859இலிருந்து கிளப்புகள் ஒவ்வொன்றாக முளைத்தன. மெல்பர்னும் ஜீலாங்கும் 1859, கார்ல்ட்டன் 1864. கிரிக்கெட்காரர்கள் தங்கள் புல்தரையில் இவர்களை எளிதில் விடவில்லை. அதனால் பக்கத்துப் புறம்போக்கில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஆட்டம் நடந்தது. முதலில் இரண்டு கோல் போட்டவன் ஜெயித்தான். இருட்டும்வரை விழவில்லை என்றால் அடுத்த வாரம். சவால் கோப்பைகள் வந்தன. ஒருவர் கையில் இருக்கும் கோப்பையை இன்னொருவர் சவால் விட்டுப் பிடுங்க வேண்டும், மல்யுத்தக்காரர்களின் பட்டம் மாதிரி.

1877 மே மாதத்தில்தான் விக்டோரியன் அசோசியேஷன் பிறந்தது. இதுதான் முதல் சங்கம் என்று விக்டோரியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அடிலெய்டுக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், அவர்கள் சங்கம் அமைத்தது அதே வருடம் ஏப்ரல் 30. கொஞ்சம் முந்தி!

அசோசியேஷன் வந்துவிட்டதே, இனிப் பட்டியல் போட்டு முதல் இடம், இரண்டாம் இடம் என்று வைத்திருப்பார்கள் என்று நினைப்போம். 1888 வரை அப்படி எதுவும் இல்லை. பருவம் தொடங்கும் முன் கிளப் செயலாளர்கள் கூடி, நீ என்னோடு எத்தனை முறை, நான் உன்னோடு எத்தனை முறை என்று கல்யாணத் தேதி குறிப்பதுபோல் பேசிக்கொள்வார்கள். ஒரு கிளப் அதிகமாக ஆடும், இன்னொன்று குறைவாக. பெரிய கிளப் 20 பேரோடு இறங்கினால் சின்ன கிளப் 25 பேரை இறக்கலாம். இதில் எந்த வெற்றிக்கு எத்தனை புள்ளி? எல்லா ஆட்டமும் முடிந்தபின், எந்தெந்த அணியை வென்றார்கள், எத்தனை தோற்றார்கள் என்று நிறுத்துப் பார்த்து, இந்த வருடம் இவர்கள்தான் என்று பத்திரிகைகள் எழுதும். தோற்றவர்களும் பெரும்பாலும் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள். ஜீலாங்கின் அந்த 7 கொடிகளும் இப்படி ஊர் வாயால் கிடைத்தவை. இன்றைய புள்ளிவிவரப் பித்தர்களுக்கு இது அபத்தமாகத் தெரியலாம். எனக்கோ, பட்டியல் சொல்லும் வெற்றியைவிட ஊரே தலையாட்டிய வெற்றி இன்னும் கனமானது என்றே படுகிறது. அது நிறைய மழுப்பலுக்கும் இடம் கொடுக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

அந்த முறை எவ்வளவு சூடேற்றியது என்பதற்கு 1886 செப்டம்பர் 4ஐப் பாருங்கள். அதுவரை தோற்காத சவுத் மெல்பர்னும் தோற்காத ஜீலாங்கும் மோதின. 30,000 பேருக்கு மேல் திரண்டதாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. டிவி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, ஜீலாங்கிலிருந்து சனம் ரயிலில் வந்து இறங்கியது. 4 கோலுக்கு 1 என்று ஜீலாங் ஜெயித்தது. இறுதிப்போட்டி என்று யாரும் அறிவிக்காத இறுதிப்போட்டி.

இவ்வளவு கூட்டம் என்றால் வாசலில் காசு. சண்டை அங்கேதான் ஆரம்பம். 1890களில் விக்டோரியாவின் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவை மூடின, கையில் காசு புழங்கவில்லை. அசோசியேஷனில் அப்போது 13 கிளப்புகள். எல்லாருக்கும் சமமான ஓட்டு, ஆனால் கூட்டம் சிலருக்குத்தான். பெரிய கிளப்புகள் கூட்டம் சேர்க்க, சின்ன கிளப்புகள் கையைத் தூக்கி முடிவெடுக்க, எத்தனை நாள் பொறுப்பார்கள்?

1896இல் காலிங்வுட்டும் சவுத் மெல்பர்னும் புள்ளியில் சமமாக முடித்தன. கொடி யாருக்கு என்று தீர்க்க முதன்முதலாகத் தனி ஆட்டம் ஒன்று வைத்தார்கள், அக்டோபர் 3 சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, பக்ஸ்டன் ஓவியக்கூடத்தில் 6 கிளப்புகளின் ஆட்கள் கூடிப் பிரிந்துபோவது என்று முடிவெடுத்தார்கள். அந்த 6இல் காலிங்வுட் உண்டு, சவுத் மெல்பர்னும் உண்டு. அசோசியேஷனின் கொடிக்காக மறுநாள் உயிரைக் கொடுத்து ஆடிய இரண்டு அணிகளுமே அந்த வீட்டிலிருந்து மூட்டை கட்டிவிட்டவை. 6 கோலுக்கு 5 என்று காலிங்வுட் ஜெயித்தது. கொடியைக் கொடுத்தவர்களின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

மற்ற நால்வர் எசென்டன், ஃபிட்ஸ்ராய், ஜீலாங், மெல்பர்ன். கார்ல்ட்டனையும் செயின்ட் கில்டாவையும் அழைத்துச் சேர்த்து 8 ஆக்கி, 1897 மே 8இல் புதிய லீக் ஆடத் தொடங்கியது. பிரிந்தவர்கள் சேர்த்துக்கொள்ளாமல் விட்ட கிளப்புகளில் ரிச்மண்டும் நார்த் மெல்பர்னும் ஃபுட்ஸ்க்ரேயும் உண்டு. ரிச்மண்டுக்குக் கதவு திறந்தது 1908இல், மற்ற இருவருக்கும் 1925இல். புதிய லீக் வந்ததும் கோலுக்கு 6, பக்கவாட்டுக் கம்பத்துக்குள் போகும் பிஹைண்டுக்கு 1 என்று கணக்கு மாறியது. அதுவரை பிஹைண்டை எழுதி வைப்பார்கள், அதற்கு மதிப்பில்லை. முதல் வருடக் கொடியை எசென்டன் எடுத்தது. மெல்பர்னுக்கு எதிரான அதன் கடைசி ஆட்டம் 14க்கு 8. பழைய கணக்கில் 1 கோலுக்கு 0. புத்தகத்தின் 16இல் முதலாவது அதுதான்.

அயர்லாந்து விஷயம் சுலபம். அவர்களுடைய கேலிக் ஃபுட்பாலுக்கு விதி எழுதியது 1885இல், மெல்பர்ன் விதிகளுக்கு 26 வருடம் பிந்தி. இரண்டும் பார்க்க ஒரே ஜாடை, அவ்வளவுதான்.

பழங்குடி விஷயம் அவ்வளவு சுலபமில்லை. விக்டோரியாவின் பூர்வகுடிகள் பொசம் என்ற மரவாழ் விலங்கின் தோலில் பந்து செய்து உதைத்து, எகிறிப் பிடித்து ஆடியதை 19ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளையர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். வில்ஸ் சிறுவயதில் ஜாப்வுரங் மக்களின் நிலத்தில் வளர்ந்தவர், அவர்கள் பிள்ளைகளோடு விளையாடி மொழியும் பேசியவர். ஆனால் விதி எழுதியபோது அந்த ஆட்டத்தை நினைத்து எழுதினார் என்பதற்கு அவர் கையெழுத்தில் ஒரு வரி இல்லை. அங்கே வரலாற்றாசிரியர்கள் இதற்காகக் கடுமையாக மோதிக்கொள்கிறார்கள். என் பார்வையில் 1859இன் தாள் இங்கிலாந்துப் பள்ளிகளின் பேரம், அதில் பொசம் தோல் வாசனை இல்லை. வில்ஸின் உடம்பில் அது இருந்திருக்கலாம் என்று நினைப்பவர்களைக் கேலி செய்ய மாட்டேன். அவர் வாழ்க்கை அப்படி. 1861இல் குவீன்ஸ்லாந்தில் அவர் அப்பாவைப் பழங்குடிகள் கொன்றார்கள். ஐந்தே வருடத்தில் விக்டோரியாவின் பழங்குடி கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி கொடுத்து எம்சிஜியில் கேப்டனாக இறங்கினார். குடி அவரைத் தின்றது, 1880இல் தற்கொலை செய்துகொண்டார்.

அடுத்த முறை பையனைக் கூட்டிக்கொண்டு போகும்போது கொஞ்சம் முன்னதாகவே போங்கள். மைதானத்துக்கு வெளியே யாரா பூங்காவில், ஆட்ட நாளில் கார்களை வரிசையாக விடுவார்களே, அங்கே பழைய யூகலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. ஒன்றிரண்டில் பட்டையை நீள்வட்டமாக உரித்தெடுத்த தழும்பு தெரியும். வுருண்ட்ஜெரி மக்கள் எடுத்தது. 1858இன் பையன்கள் இந்தப் பூங்காவில்தான் அரை மைல் தள்ளிக் கோல் நட்டார்கள். எந்தக் கம்பம் எங்கே நின்றது என்று அங்கே உங்கள் பையனைக் காலால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், கார்கள் வருவதற்குள்.