க்யூஎம்எல்-க்கு பிளகின் எழுதக் கற்றுக்கொள்வது வீண் வேலையா?

இரண்டு வருடமாக க்யூஎம்எல்-லில் (செயலிகளின் திரையை எழுதும் மொழி) திரைகள் செய்கிறேன், சி++ கல்லூரித் தேர்வோடு சரி, இப்போது உட்கார்ந்து பிளகின் எழுதக் கற்பது வீண் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். 'வீண் வேலை' என்ற சொல் உங்களுடையது இல்லை என்று நினைக்கிறேன். டீமில் யாரோ ஒரு சீனியர் சொல்லியிருப்பார். என்னிடமும் சொன்னார்கள். அதனால்தான் ராத்திரி பதினொன்றரைக்குத் தூங்காமல் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீண் இல்லை. ஆனால் நான் எழுதிய முதல் பிளகின் சுத்த வீண். இரண்டும் உண்மை.

நான் நிபுணன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு மாடியில் மூன்று பேராக உட்கார்ந்து கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறவன். இதைவிட நன்றாக விளக்கக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும், நானும் படிக்கிறேன்.

க்யூஎம்எல் 2010-ல், சி++-ல் செயலி கட்ட உதவும் க்யூட்டி என்ற தொகுப்பின் 4.7 பதிப்புடன் வந்தது. (அதை 'கியூட்' என்று சொல்ல வேண்டும் என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும். எங்கள் ஊரில் க்யூட்டிதான்.) இந்தப் பெட்டியின் அகலம் அந்தப் பெட்டியில் பாதி என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும், பெரிய பெட்டி மாறும்போதெல்லாம் சின்னதும் தானாக மாறும். எப்படி மாற்ற வேண்டும் என்று நாம் சொல்வதில்லை. அந்த மொழியில் இல்லாத ஒரு பொருளை சி++-ல் செய்து, தனி நூலகக் கோப்பாகக் கட்டி, க்யூஎம்எல் பெயர் சொல்லி இம்போர்ட் செய்துகொள்ளும்படி வைப்பதுதான் பிளகின். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், ஆத்தங்குடி. காரைக்குடிப் பக்கத்து ஊர். அங்கே கல் (தரை டைலை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் 2018-ல் எங்களிடம் வந்தார். ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்வார்கள் என்று தெரியாதவர்களுக்கு: கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் பண்ணுவார்கள். சூளை கிடையாது. காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியை விட்டுக் கழற்றும்போதுதான் பூவின் முகம் தெரியும். நிறத்தில் தப்பு நடந்திருந்தால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. அண்ணனுக்கு அதுதான் தலைவலி. "தம்பி, பச்சைன்னு சொல்லிட்டுப் போறாங்க. ஆயிரம் கல்லு ஊத்தின பிறகு இந்தப் பச்சை இல்லைங்கிறாங்க. ஊத்துறதுக்கு முன்னாடியே தரையைக் காட்ட முடியுமா?"

தொடுதிரை வைத்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர். வாடிக்கையாளர் பூவைத் தேர்ந்தெடுக்கிறார், நிறத்தைத் தொடுகிறார், வளவோ பட்டாலையோ (செட்டிநாட்டு வீட்டின் பகுதிகள்) அளவைச் சொன்னால் முழுத் தரையும் திரையில் தெரிகிறது. பார்டர் கல் எத்தனை, மூலைக் கல் எத்தனை என்ற கணக்கும் கூடவே. க்யூஎம்எல்-லுக்கே அளவெடுத்துத் தைத்த வேலை.

முதலில், ஒன்றையே பலமுறை உருவாக்கும் ரிப்பீட்டர் போட்டு ஒவ்வொரு கல்லையும் ஒரு படமாக அடுக்கினேன். 40 அடிக்கு 20 அடி வளவு, 10 அங்குலக் கல் என்றால் 48-க்கு 24, மொத்தம் 1152 கற்கள். ஒவ்வொன்றின் மேலும் நிறம் மாற்ற ஒரு எஃபெக்ட். அந்தச் சின்ன மெஷின் மூச்சுத் திணறியது. உடனே நான் என்ன முடிவுக்கு வந்தேன்? க்யூஎம்எல் தாங்காது, சி++-ல் நாமே வரைய வேண்டும். மூன்று வாரம் உட்கார்ந்து, தரை வரையும் பிளகின் ஒன்றை எழுதினேன். ஓடியது. பெருமையாக இருந்தது.

அப்புறம் ஒருநாள் வேறு எதையோ தேடி ஆவணத்தைப் புரட்டும்போது இமேஜ் உறுப்புக்கு 'ஃபில்மோட்: டைல்' என்று ஒரு பண்பு இருப்பதைப் பார்த்தேன். ஒரே படத்தைத் தரை முழுக்க அதுவே அடுக்கிவிடும். பெயரே டைல்! டைல் கடைக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டு அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூடத் தேடவில்லை. மூன்று வாரம் போச்சு. என்னுடன் வேலை செய்யும் பையன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

ஆகவே பிளகினில் கை வைக்கும் முன் ஆவணத்தைப் படியுங்கள். இன்னொன்று, ஒரு சி++ வகுப்பு உங்கள் ஒரே செயலிக்குள் மட்டும் பயன்படப் போகிறது என்றால் பிளகினே வேண்டாம், செயலி தொடங்கும் மெயின் ஃபங்ஷனில் பதிவு செய்தால் போதும். தனி பிளகின் என்பது இரண்டு மூன்று செயலிகள் பகிர்ந்துகொள்ளும்போதுதான் நியாயம். எங்களுக்கு அந்த நியாயம் பின்னால் வந்தது: பட்டறையில் ஒரு செயலி, காரைக்குடி ஷோரூமில் வேறொரு செயலி, இரண்டுக்கும் ஒரே பூக்கள்.

இரண்டாவது பிளகின் அதற்காக எழுதியது. பூக்கள் எஸ்விஜி (கோடுகளாலும் வடிவங்களாலும் ஆன படம்) கோப்புகளாக இருந்தன. 'இந்தப் பூ, இந்த நான்கு நிறம்' என்பதை ஒரு முகவரி மாதிரி எழுதிக் கொடுத்தால், அந்த நிறங்களைப் போட்டு ஒரே ஒரு கல்லின் படத்தைச் செய்து தர வேண்டும். இதற்கு இமேஜ் ப்ரொவைடர் என்று ஒன்று உண்டு. அது சி++ பக்கம்தான் எழுத முடியும். பிளகின் ஏறும்போது எஞ்சினிடம் அதை ஒப்படைத்துவிட்டால், க்யூஎம்எல் பக்கம் சாதாரணப் படம் மாதிரியே பயன்படுத்தலாம். இருநூறு வரிகூட இல்லை. 1152 எஃபெக்ட்டுக்குப் பதில் ஒரு படம், அதை அடுக்க டைல்.

இதில் சி++ கஷ்டமே இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும். கஷ்டம் எங்கே வந்தது என்று கேளுங்கள்.

முதல் நாள் முழுக்கப் போனது ஒரு எழுத்தில். வகையின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது க்யூஎம்எல் விதி. நான் சின்ன எழுத்தில் தொடங்கிப் பதிவு செய்திருந்தேன். கன்சோலில் எச்சரிக்கை ஓடிக்கொண்டுதான் இருந்தது, நான் பார்க்கவில்லை. பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதமே இல்லாத மொழியில் பிறந்தவனுக்கு இது நியாயமா என்று அன்றைக்குப் புலம்பினேன்.

அடுத்தது ஷோரூமில் காட்டிய நாள். பள்ளத்தூர் வீட்டைப் புதுப்பிக்கும் ஒரு ஆச்சி சென்னையிலிருந்து வந்திருந்தார். வீட்டில் அறுபதாம் கல்யாணம், அதற்குள் வளவுத் தரை முடிய வேண்டும். அண்ணன் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, "நம்ம தம்பி ஒரு மெஷின் பண்ணியிருக்கு பாருங்க" என்றார். நான் பொத்தானைத் தட்டினேன். மாட்யூல் இன்ஸ்டால் ஆகவில்லை என்று ஒரு வரி. வெள்ளைத் திரை.

காரணம் அற்பம். என் லேப்டாப்பில் இம்போர்ட் பாதையை (பிளகினை எங்கே தேட வேண்டும் என்பதை) என்வைரன்மென்ட் மாறியில், அதாவது மெஷினின் அமைப்பில், எப்போதோ எழுதி வைத்திருந்தேன், மறந்தும் விட்டேன். அந்த மெஷினில் அது இல்லை. பிளகின் கோப்பும், 'க்யூஎம்எல்டிர்' என்ற சின்னக் குறிப்புக் கோப்பும், இம்போர்ட் பெயரிலேயே ஒரு ஃபோல்டருக்குள் செயலியின் பக்கத்தில் இருக்க வேண்டும். சரி என்று அதைச் செய்தேன். இப்போது வேறு பிழை: பிளகினை ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட மாட்யூலைக் காணவில்லை. கோப்பு என் கண்ணெதிரே இருக்கிறது, விண்டோஸ் இல்லை என்கிறது. ஒன்றரை மணி நேரம். கடைசியில் பார்த்தால், காணாமல் போனது என் பிளகின் இல்லை, என் பிளகின் நம்பியிருக்கும் எஸ்விஜி நூலகம். வெளியீட்டுக்குக் கோப்புகளை அள்ளித் தரும் கருவி என் எக்ஸ்இ-க்கு என்ன வேண்டும் என்று பார்த்ததே தவிர, பிளகினுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. யாரும் இந்தக் குழியில் விழாதீர்கள்: டெவலப்பர் கருவி எதுவும் இல்லாத ஒரு மெஷினில் ஓட்டிப் பார்க்காமல் பிளகின் முடிந்தது என்று சொல்லாதீர்கள். க்யூட்டியின் பிளகின் டீபக் என்ற என்வைரன்மென்ட் மாறியை 1 என்று வைத்து ஓட்டினால் எதைத் தேடுகிறது, எங்கே தடுக்குகிறது என்று வரிவரியாகச் சொல்லும். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது.

ஆச்சி நல்லவர், காத்திருந்தார். செயலி ஓடியது. பச்சையும் சிவப்பும் தேர்ந்தெடுத்தார், மஞ்சளில் பார்டர் வைத்தார், வேறு இரண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். தரை காலி.

"ஏன் தம்பி, இப்பத்தான பச்சையும் சிவப்பும் வச்சிருந்தது. எங்க போச்சு?"

அண்ணன் என்னை முந்திக்கொண்டார்: "மெஷின் சூடாயிருச்சு ஆச்சி."

மெஷின் சூடாகவில்லை. பிளகின் எழுதுகிற எல்லோரும் ஒருமுறையாவது இங்கே அடிபடுவார்கள். க்யூஎம்எல்-லிலிருந்து கூப்பிடக்கூடிய ஒரு ஃபங்ஷன், புதிதாக ஒரு பொருளைச் செய்து திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருளுக்கு நீங்கள் பேரண்ட் (அதன் சொந்தக்காரப் பொருள்) எதையும் சொல்லவில்லை என்றால், அது இனி தன்னுடையது என்று க்யூஎம்எல்-லை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. அதன் பக்கம் யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால், பயன்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து குப்பை கூட்டும்போது சேர்த்துக் கூட்டிவிடும். சி++ பக்கம் நான் ஒரு பட்டியலில் அதைக் குறித்து வைத்திருக்கிறேனே என்றால், அது எஞ்சினுக்குத் தெரியாது. ஆச்சி தேர்ந்தெடுத்த வடிவம் அப்படித்தான் போனது. வீட்டில் இது ஏன் தெரியவில்லை? இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு மூடிவிடுவேன், குப்பை கூட்ட அதற்குள் நேரம் வரவில்லை. ஆச்சி இருபது நிமிடம் பார்த்தார். பேரண்ட் ஒன்றைக் கொடுத்தாலோ, இது சி++ பக்கத்துச் சொத்து என்று எஞ்சினிடம் எழுதிக் கொடுத்தாலோ தீர்ந்தது. ஒரே வரி. சோதிக்கும்போது க்யூஎம்எல்-லில் குப்பை கூட்டும் ஜிசி ஃபங்ஷனை நீங்களே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள், இந்த வகைப் பிழைகள் உடனே வெளியே வந்துவிடும்.

மாறக்கூடிய பண்புகளுக்கு, மதிப்பு மாறிவிட்டது என்று அறிவிக்கும் நோட்டிஃபை சிக்னல் வைக்க மறந்தால் திரை பழைய மதிப்போடு நின்றுவிடும், இது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஃபிளட்டரில் (கூகுளின் செயலி கட்டும் தொகுப்பு) செய்திருக்கலாமே என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். ஐயா, நாங்கள் இதைச் செய்தபோது விண்டோஸுக்கு ஃபிளட்டர் நிலையாக வரவே இல்லை, 2022-ல்தான் வந்தது. வெப்பில் செய்திருக்கலாமே என்பவருக்கும் ஒரு சொல்: அந்தப் பட்டறையில் நெட் எப்போது வரும் எப்போது போகும் என்று வந்து பாருங்கள்.

உண்மையான வருத்தம் வேறு. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். திரையில் தரை அழகாகத் தெரிய ஆரம்பித்ததும் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிறம் நிறமாக மாற்றிப் பார்த்துவிட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று போய்விடுவார்கள். அப்புறம் வேறெங்கோ அதே பூவைச் செராமிக்கில் அச்சடித்துத் தரையில் ஒட்டி, 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்று கிரகப்பிரவேசத்தில் சொல்லிக்கொள்வார்கள். கையால் ஊற்றிய கல்லில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, கோடு எங்காவது ஒரு இழை பிசகியிருக்கும், நடக்க நடக்க மெருகேறும். அச்சடித்ததில் ஆயிரமும் ஒரே முகம். அதைச் செய்து விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆத்தங்குடி என்று ஏன் சொல்ல வேண்டும்? என் திரைதான் அதற்கு வழி காட்டியது என்று நினைத்தால் இன்னும் எரிகிறது. அண்ணன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. திரையின் குறுக்கே பட்டறைப் பெயரை வெளிறிய எழுத்தில் போடச் சொன்னார், போட்டேன். அதையும் வெட்டிவிடுகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்று தொடங்குகிறீர்கள் என்றால் என் வழியில் தொடங்காதீர்கள். க்யூட்டி 5.15-லிருந்து வகுப்புக்குள் 'க்யூஎம்எல் எலிமென்ட்' என்று ஒரு மேக்ரோ எழுதினால் பதிவு வேலை பெரும்பாலும் தானே நடக்கும். 6.2-லிருந்து, செயலியைக் கட்டித் தரும் கருவியான சிமேக்கில் ஒரு கட்டளையே க்யூஎம்எல்டிர் கோப்பு முதற்கொண்டு செய்து கொடுத்துவிடும். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் பாதி இதற்கு முந்தையவை, தேதி பார்த்துப் படியுங்கள். சி++-ல் சிக்னல், ஸ்லாட், பண்பு, பொருளின் சொந்தக்காரர் யார் என்ற நான்கும் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். சி++-ல் டெம்ப்ளேட் போன்ற கடினமான பகுதிகளில் புலிகளாக இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆச்சி கடைசியில் பச்சையும் சிவப்புமே எடுத்தார், கல்யாணத்துக்குள் தரை முடிந்தது. பட்டறை மெஷினில் இன்னும் அந்தப் பழைய க்யூட்டி 5.9-தான் ஓடுகிறது, மாற்ற அண்ணன் விடமாட்டேன் என்கிறார். கல் லோடு ஏற்றும் நாளில் போனால், சத்தம் போட்டுச் சொல்வார்: "தம்பி, இன்னைக்குக் காலையிலேருந்து ஒரு படமும் மறையலை."