கிழிவதற்கு முன்பே தையுங்கள்: சாஷிகோ கேள்வி பதில்

நைந்த துணியைத் தெரியும்படியே தைத்து உறுதியாக்கும் ஜப்பானியத் தையல் சாஷிகோ. அதைப் பதினோரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். உங்கள் கேள்விகளுக்கு என் கை அறிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, இதுவும் எம்பிராய்டரிதானே? இதற்கு ஏன் இத்தனை பேச்சு?

சாஷிகோ அழகுக்காகத் தொடங்கிய தையல் அல்ல. ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வடமுனையில் அவோமோரி இருக்கிறது. அங்கே இருக்கும் குளிருக்குப் பருத்தி விளையாது. உழவர்கள் சணல் நாரில் நெய்த துணியை உடுத்தினார்கள். அதன் கண்கள் பெரியவை, காற்று உள்ளே புகுந்துவிடும். ஓசாகா பக்கத்திலிருந்து கிதாமாயேபூனே என்ற வணிகக் கப்பல்கள் கொண்டுவந்த பழைய பருத்தித் துணிகூட அவர்களுக்கு அரிய பொருள். போதாக்குறைக்கு, 1724-ல் அவோமோரியின் மேற்குப் பகுதியை ஆண்ட சுகாரு சிற்றரசு, உழவர்கள் பருத்தி ஆடை உடுத்தக் கூடாது என்று தடை விதித்தது. பெண்கள் சும்மா இருக்கவில்லை. நீலச் சாயமிட்ட சணல் துணியின் கண்களை வெள்ளை நூலால் ஒவ்வொன்றாக அடைத்தார்கள். துணி தடித்தது, குளிர் குறைந்தது, தோள்பட்டை சீக்கிரம் நையாமல் நின்றது. கோகின் என்னும் தையல் வகை அப்படித்தான் வளர்ந்தது. அதில் இழைகளை ஒற்றைப்படையில் எண்ணிக் குத்துவார்கள். அவோமோரியின் கிழக்குப் பக்கத்தில் வழங்கும் ஹிஷிசாஷி என்னும் வகையில் எண்ணிக்கை இரட்டைப்படை. இந்தச் சிறிய வேறுபாட்டால் முன்னதன் வைரக் கட்டம் நெட்டையாகவும் பின்னதன் கட்டம் அகலமாகவும் விழுகிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கும்.

கேள்வி: மகனுடைய ஜீன்ஸ் முழங்காலில் கிழிந்துவிட்டது. ஒட்டுப் போட்டால் இரண்டு மாதத்தில் அதன் ஓரத்திலேயே மறுபடியும் கிழிகிறது. என்ன தவறு செய்கிறேன்?

நிறையப் பேருக்கு நேர்வதுதான். ஓட்டையை மட்டும் பார்த்து ஒட்டுப் போடுகிறீர்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள துணியும் தேய்ந்திருக்கும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், மெலிந்த இடம் எதுவரை என்று தெரிந்துவிடும். அதையும் தாண்டி எல்லாப் பக்கமும் மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக, நன்றாகத் துவைத்த பழைய பருத்தித் துணியை உள்பக்கம் வையுங்கள். முதலில் பெரிய நூலோட்டம் போட்டு நகராமல் நிறுத்துங்கள். பிறகு அரை சென்டிமீட்டர் இடைவெளியில் கோடுகள் வரைந்து, கோட்டுக்குக் கோடு தையுங்கள்.

வரிசைகளை ஒரே நேர்கோட்டில் முடிக்காதீர்கள். ஒன்றை நீட்டி, அடுத்ததைக் குறைத்து முடியுங்கள். எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் தடித்த துணியும் மெலிந்த துணியும் சந்திக்கும் இடத்தில் இழுப்பு முழுவதும் விழும். உங்கள் ஒட்டின் ஓரம் கிழிவது இதனால்தான்.

அடுத்த ஜீன்ஸுக்கு ஓட்டை விழும்வரை காத்திருக்க வேண்டாம். முழங்கால் வெளுக்கத் தொடங்கியதுமே தையுங்கள். பாதி நேரம்தான் ஆகும்.

கேள்வி: தைத்து முடித்ததும் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது.

நூலை இழுத்துப் பிடிக்கிறீர்கள். நாலைந்து தையலை ஊசியில் கோத்துக்கொண்டு நூலை இழுங்கள். உடனே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தையலை நீவி விடுங்கள். ஒவ்வொரு வரிசை திரும்பும் இடத்திலும் பின்பக்கம் சிறு வளையம் அளவுக்கு நூலைத் தளர்த்தி விடுங்கள். முடிச்சும் வேண்டாம், தொடக்கத்தில் இரண்டு மூன்று தையலின் மேலேயே திரும்பத் தைத்தால் நூல் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று: ஊசியைத் துணிக்குள் ஓட்டாதீர்கள். ஊசி அசையாமல் நிற்கட்டும், இடக்கையால் துணியை மேலும் கீழுமாக ஆட்டி ஊசியில் ஏற்றுங்கள். ஒரு வாரம் தடுமாறும். பழகியபின் தையல்கள் தாமாகவே ஒரே அளவில் விழும்.

கேள்வி: சாஷிகோ நூல் எங்கள் ஊரில் இல்லை. எம்பிராய்டரி நூல் போதுமா?

பழகுவதற்குப் போதும். ஆனால் அது பளபளக்கும், இழைகள் பிரியும். பளபளப்பில்லாத குரோஷே பருத்தி நூல் கிடைத்தால் அதை வாங்குங்கள். நூல் தடிமனாக இருப்பதால் நீளமான, காது பெரிய ஊசி வேண்டும்.

கேள்வி: அம்மாவின் பட்டுப்புடவையில் செய்யலாமா?

வேண்டாம். தடித்த நூல் பட்டிழையை அறுத்துவிடும். டார்னிங் செய்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு ஏதாவது தைக்க ஆசை. எந்த வடிவம் நல்லது?

கேட்டதே மகிழ்ச்சியாக இருக்கிறது, அம்மா. அசானோஹா என்னும் சணல் இலை வடிவத்தைத் தையுங்கள். சணல் விரைவாகவும் நேராகவும் வளரும், குழந்தையும் அப்படியே வளரட்டும் என்று ஜப்பானியர் அதைக் குழந்தைகளின் உடையில் போட்டார்கள். அங்கே பச்சிளங்குழந்தையின் கிமோனோ ஒற்றைத் துணியில் தைக்கப்படுவதால் முதுகில் மூட்டுத்தையல் வராது. அந்த மூட்டுத்தையல்தான் முதுகைக் காக்கும் என்பது நம்பிக்கை. அதனால் கழுத்துக்குக் கீழே சில தையல்களைக் காப்பாகப் போடுவார்கள். அதற்குச் செமாமோரி என்று பெயர். பேரக்குழந்தைக்கு நீங்கள் தைக்கும் சட்டையிலும் அந்த இடத்தில் நாலு தையல் போடுங்கள். உள்பக்கம் மெல்லிய துணி வைத்து மூடினால் நூல் குழந்தையின் மேல் உறுத்தாது.

கேள்வி: ஒட்டுமேல் ஒட்டாக இருக்கும் பழைய கந்தலை அருங்காட்சியகத்தில் வைக்கிறார்களாமே?

போரோ என்பார்கள். தனாகா சூசாபுரோ (1933–2013) அவோமோரி கிராமங்களில் வீடு வீடாகச் சென்று அவற்றைச் சேர்த்தார். வறுமையின் அடையாளம் என்று பலரும் மறைத்த, எறிந்த துணிகள் அவை. அவருடைய சேகரிப்பை டோக்கியோவின் அசாகுசாவில் 2009 முதல் 2019 வரை ஓர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். நீங்கள் படத்தில் பார்க்கும்போது வெளிப்பக்கத்தோடு நிற்காதீர்கள், உள்பக்கத்தையும் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு தலைமுறையும் எந்த இடத்தில் ஊசி எடுத்தது என்பது அங்கேதான் தெரியும்.

கேள்வி: முதல் துவையலில் வெள்ளை நூல் நீலமாகிவிட்டது!

துணியைத் தைப்பதற்கு முன்பே இரண்டு மூன்று முறை, தண்ணீர் தெளியும்வரை, அலசிவிடுங்கள். ஏறிய நீலத்தை வெளுப்பான் போட்டு எடுக்க முயலாதீர்கள், நூல் வலுவிழந்துவிடும். சில துவையல்களில் அது கொஞ்சம் குறையும்.