கண்டதும் பிடித்ததும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அண்டார்டிகா பற்றிக் குறிப்பெடுக்கும்போது ‘ஹார்லிக் மலைகள்’ என்று ஒன்று இருப்பதைப் பார்த்தேன். காய்ச்சல் வந்தால் நாம் குடிக்கிற ஹார்லிக்ஸேதான் அது என்று தெரிந்ததும் எரிச்சல் வந்துவிட்டது. தேடத் தேட ராக்ஃபெல்லர் மலைகள், ஃபோர்டு மலைத்தொடர் என்று வந்துகொண்டே இருக்கிறது. மிக உயர்ந்த சிகரமான வின்சனுக்கு, அங்கே போயே இராத ஓர் அமெரிக்க அரசியல்வாதியின் பெயர். காசு கொடுத்தவனுக்கெல்லாம் மலையா? பெயர் வைக்கிற உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது? இந்தியப் பெயர் ஒன்றாவது உண்டா? பொதிகை, பறம்பு என்று நாமும் நான்கு பெயர் வைக்கச் சொல்லி அரசிடம் கேட்கலாமே?

இன்னொன்று. ஒரு கண்டத்தின் உச்சியையே 1958 வரை காணாமல் இருந்தார்கள் என்பது வேடிக்கையாக இருக்கிறது. இன்றைக்கு சாட்டிலைட் இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அத்தனை மலையையும் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம். அன்று கப்பலேறிப் போய் அவதிப்பட்டதெல்லாம் வீண் என்றுகூடத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய ஆவல்.

கு., ஈரோடு

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் ஊரில் இருந்தேன். பழைய வீட்டை இடிப்பதற்கு முன் பரணை ஒழிக்க வேண்டியிருந்தது. அப்பாவின் தகரப்பெட்டி கிடைத்தது. அப்பா சர்வேயராக இருந்தவர். பெட்டி நிறைய நீளநீளமான நோட்டுகள், எல்லாம் பென்சிலில் எழுதியவை. மழையில் நனைந்தால் மை கரைந்து போகும், பென்சில் நிற்கும் என்பார். அந்த நோட்டுகளோடு இருந்த நேரத்தில்தான் ‘உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்’ என்ற உங்கள் வரியைப் படித்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஹார்லிக்ஸை முடித்துவிடலாம். ஆம், அதே ஹார்லிக்ஸ்தான். ஜேம்ஸ், வில்லியம் என்று அண்ணன் தம்பி இருவர் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி. தம்பி வில்லியம், அமெரிக்கப் பயணி ரிச்சர்ட் பேர்டின் 1933–35 அண்டார்டிகப் பயணத்துக்குப் பணம் கொடுத்தார். பேர்டு தன் விமானம் ஒன்றுக்கும் அவர் பெயரை வைத்தார், ஒரு மலைக்கூட்டத்துக்கும் வைத்தார். வில்லியமின் மகள் மேபல் சிட்லியும் உதவினார். அந்தக் கண்டத்தின் மிக உயரமான எரிமலைக்கு சிட்லி என்று பெயர். இதில் எரிச்சல்பட என்ன இருக்கிறது? நந்தாவிளக்கு எரிய ஆடு கொடுத்தவர் பெயரைக் கோயில் சுவரில் வெட்டி ஆயிரம் ஆண்டாகக் காப்பாற்றி வைத்திருக்கிறவர்கள் நாம். நாய்களுக்குத் தீனியும் விமானத்துக்கு எண்ணெயும் வாங்கக் காசு வேண்டும். கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்க அந்த வெள்ளைக் காட்டில் பெயரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

உரிமையை யாரும் கொடுக்கவில்லை. இன்றும் ஒவ்வொரு நாடும் தனித்தனியாகத்தான் பெயர் வைக்கிறது. எல்லாவற்றையும் தொகுத்த பொதுப் பட்டியலில் 35,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஒரே மலைக்கு இரண்டு மூன்று பெயர் இருப்பதும் உண்டு. வடக்கே நீண்டிருக்கிற தீபகற்பத்தை பிரிட்டன் ஒரு பெயராலும் அமெரிக்கா ஒரு பெயராலும் அழைத்துச் சண்டையிட்டு, 1964இல்தான் ஒரு பொதுப்பெயருக்கு ஒத்துக்கொண்டார்கள்.

இந்தியப் பெயர் உண்டு. பீகாரில் பிறந்த உயிரியலாளர் அகௌரி சின்ஹா 1971–72இல் அமெரிக்கக் குழுவோடு போய் அந்தக் கடல்களில் சீல்களையும் திமிங்கிலங்களையும் ஆராய்ந்தார். அவர் பெயரில் சின்ஹா மலை இருக்கிறது. போய் வேலை செய்தார், பெயர் வந்தது. பொதிகையைப் பொதிகையிலேயே இருக்க விடுங்கள். மனு எழுதும் யோசனையை விட்டுவிட்டுப் படிக்கிற வேலையைப் பாருங்கள்.

இப்போது ‘வீண்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்த ஒரு சொல்லுக்காக உங்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம்.

‘கண்டுபிடித்தல்’ என்று எழுதுகிறீர்களே, அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்டு, பிடிக்க வேண்டும். காண்பது பாதி வேலை. பிடிப்பதுதான் கஷ்டம். அண்டார்டிகாவின் கதையில் கண்டவர்கள் நிறையப் பேர். பிடித்தவர்கள் கொஞ்சம்.

1841 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படைக்காரரான ஜேம்ஸ் கிளார்க் ராஸ் இரண்டு கப்பல்களோடு பனிப்படலத்தை உடைத்துக்கொண்டு தெற்கே போனார். ஜனவரி 11 அன்று முதல் மலைகள் தெரிந்தன. 28ஆம் தேதி புகையும் நெருப்பும் கக்கிக்கொண்டு ஒரு எரிமலை. தன் கப்பல்களின் பெயர்களையே வைத்தார்: எரிகிற மலைக்கு எரெபஸ், பக்கத்து மலைக்கு டெரர். இரண்டும் அவர் குறித்த இடத்திலேயே இன்றும் நிற்கின்றன. அதே நாட்களில் எரெபஸுக்குத் தெற்கே இன்னொரு மலைத்தொடரும் தெரிந்தது. அதையும் வரைந்தார். தன் பழைய தலைவர் வில்லியம் பாரியின் பெயரால் பாரி மலைகள் என்றார். அறுபது ஆண்டு கழித்து இன்னொரு பிரிட்டிஷ் பயணியான ஸ்காட்டின் ஆட்கள் அங்கே போனார்கள். பாரி மலைகள் இல்லை. தட்டையான பனிவெளிதான் இருந்தது.

ராஸ் பொய் சொன்னாரா? இல்லை. பனியை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதற்கு மேல் அதைவிட வெதுவெதுப்பான காற்று. ஒளி அந்த இரண்டுக்கும் நடுவே வளைந்து வரும்போது, தொலைவில் இருக்கும் பனி மேடும் பாறையும் மேலே எழும்பி, செங்குத்தான மலைச்சுவர் மாதிரி நிற்கும். நீங்களும் நானும் அந்தக் கப்பலில் இருந்திருந்தால் நாமும் சத்தியம் செய்திருப்போம்.

இதில் எனக்கு மறக்கவே முடியாத ஒரு விஷயம் உண்டு. இதே ராஸ் சிறுவயதில், 1818இல், தன் சித்தப்பா பெரியப்பா யாரோ ஒருவரான ஜான் ராஸோடு வடதுருவப் பக்கம் போயிருந்தார். அங்கே ஒரு கடல்வழியின் நடுவே மலைகள் மறித்து நிற்பதாகக் கண்டு, குரோக்கர் மலைகள் என்று பெயரும் வைத்து, ஜான் ராஸ் கப்பலைத் திருப்பிவிட்டார். அடுத்த ஆண்டே அந்த ‘மலைகளின்’ ஊடாகக் கப்பலை ஓட்டி, அங்கே மலை இல்லை என்று காட்டியவர் யார் தெரியுமா? வில்லியம் பாரி. இல்லாத மலையை இல்லை என்று காட்டியவரின் பெயரே கடைசியில் தெற்கே ஓர் இல்லாத மலைக்குப் போய்ச் சேர்ந்தது. கண்ணை நம்பாதே என்று அந்த ராஸ் வீட்டுக்குத் தெரியாததா? தெரிந்தும் கண் ஏமாற்றும் தம்பி. அதனால்தான் இன்னொருவர் போக வேண்டியிருக்கிறது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது விடுமுறையில் அப்பாவோடு ஓர் ஊருக்குப் போனேன். இரண்டு பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு. எல்லைக்கல்லைக் காணவில்லை. ஒருவர் வேலமரத்தடியில் கல்லைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் கிணற்று மேட்டில் கண்டதாகச் சொன்னார். இரண்டு பேரும் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அப்பா யாரோடும் வாதாடவில்லை. புலப்படத்தை விரித்தார். தூரத்தில் புதரோரம் இருந்த இரண்டு பழைய கற்களைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து சங்கிலி போடச் சொன்னார். செயின்மேன் முள்ளுக்குள் புகுந்து வந்தார், முழங்கை எல்லாம் கீறல். இரண்டு அளவும் வந்து சேர்ந்த இடம் வேலமரமும் இல்லை, கிணற்று மேடும் இல்லை. சோளக்கொல்லைக்கு நடுவில் வந்து நின்றது. “இங்கே தோண்டுப்பா” என்றார். முழங்கால் ஆழம் தோண்டியும் ஒன்றும் இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு சாண்” என்றார். கடப்பாரை ணங்கென்றது.

மண்ணைக் கையால் தள்ளினார்கள். கல்லின் தலையில் வெட்டிய குறி அப்படியே இருந்தது. அப்பா பிறப்பதற்கு முன் யாரோ ஒருவர் நட்ட கல். வீட்டுக்குத் திரும்பும்போது, “அந்த ரெண்டு பேரும் பொய் சொல்லலடா, அவங்க பார்த்தது பார்த்ததுதான்” என்றார்.

வின்சன் விஷயத்தை ‘வேடிக்கை’ என்கிறீர்கள். 1935 நவம்பர் 23 அன்று அமெரிக்கப் பயணி லிங்கன் எல்ஸ்வொர்த், கண்டத்தைக் குறுக்கே கடக்கிற விமானத்தில், அந்தத் தொடரைக் கண்டார். காவலாள் மாதிரி தனியே நின்றதால் சென்டினல் என்று பெயர் வைத்தார். கடைசியில் எண்ணெய் தீர்ந்து, போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு முன்பே விமானம் நின்றுபோனது. அந்த மனிதரிடம் போய், உச்சியை ஏன் அளக்கவில்லை என்று கேட்பீர்களா? 1958இல் அமெரிக்கக் கடற்படை விமானத்திலிருந்துதான் வின்சன் தெரிந்தது. முதலில் கணக்கிட்ட உயரம் 5,140 மீட்டர். 2004இல் ஜிபிஎஸ் கருவியை உச்சிக்கே சுமந்துகொண்டுபோய் வைத்து அளந்தபோது 4,892 மீட்டர். கிட்டத்தட்ட 250 மீட்டர் குறைந்துபோனது. உட்கார்ந்த இடத்திலிருந்து இதைத் திருத்தவில்லை, அங்கே போய்த்தான் திருத்தினார்கள்.

மேலிருந்து படம் மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1939இல் ஜெர்மானியர்கள் ஷ்வாபென்லாண்ட் என்ற கப்பலிலிருந்து விமானங்களை ஏவி 11,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார்கள். நிலத்தின் மேல் உரிமை கோரி, கொடி பொறித்த உலோக அம்புகளை வானத்திலிருந்து போட்டார்கள். மலைகளுக்குப் பெயர்களை அள்ளி வைத்தார்கள். தரையில் இறங்கி அளந்த புள்ளிகள் இல்லாததால் வரைபடத்தில் மலைகள் இடம் மாறி நின்றன. பின்னால் போனவர்களுக்கு அவற்றில் சில எந்த மலை என்றே தெரியவில்லை. அண்டார்டிகாவில் நம் நாட்டின் மைத்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஷிர்மாகர் சோலை, அந்த விமானிகளில் ஒருவரின் பெயரைக் கொண்டது. அதற்குத் தெற்கே இருக்கும் வோல்தாட் மலைகளில் நம் புவியியலாளர்கள் பல கோடைகள் பாறை பாறையாக நடந்து திரிந்திருக்கிறார்கள். உங்கள் தேர்வில் மைத்ரியைக் கேட்டால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சாட்டிலைட் என்றுதான் சொல்வீர்கள். சரி, காம்புர்த்சேவ் மலைகளைப் படத்தில் தேடிப் பாருங்கள். வெறும் வெள்ளைச் சமவெளிதான் இருக்கும். சோவியத் ஆட்கள் 1958இல் அந்தப் பனிமேட்டின் மேல் வண்டிகளோடு போய், வெடிவைத்து, அதிர்வு அடியில் இருக்கிற பாறையில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அடியில் தட்டையாக இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் எதிரொலி சீக்கிரமாக வந்தது. பனிக்குக் கீழே ஆல்ப்ஸ் அளவுக்கு ஒரு மலைத்தொடர். சிகரங்களின் தலைக்கு மேலேயே நூற்றுக்கணக்கான மீட்டர் பனிக்கட்டி. மூன்று ஆண்டுக்கு முன் இறந்துபோயிருந்த தங்கள் நிலநடுக்க அறிஞர் கிரிகோரி காம்புர்த்சேவின் பெயரை வைத்தார்கள். 2008–09இல் ஏழு நாட்டுக்காரர்கள் ரேடார் கட்டிய விமானங்களோடு போய் அதன் பள்ளத்தாக்குகளை வரைந்தார்கள். ஒரு மனிதக் கண்கூட இதுவரை கண்டதில்லை. ஆனாலும் பிடித்தாயிற்று. எங்கள் ஊர்ச் சோளக்கொல்லையில் நடந்ததும் இதுதான் தம்பி.

காசு கொடுத்தவனுக்கு மட்டும்தான் மலை என்றீர்களே, அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1911 நவம்பரில் தென்துருவத்துக்குப் போகும் வழியில் நார்வேக்காரரான அமுண்ட்சென் பல மலைகளுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களை வைத்தார். பனிவெளியின் ஓரத்தில் நிற்கிற ஒரு சிறிய மலைக்கோ பெட்டி (Betty) என்று வைத்தார். பெட்டி குஸ்தாவ்சன், அமுண்ட்சென் வீட்டில் பல ஆண்டுகள் தாதியாக இருந்த பெண்மணி.

திரும்பி வரும்போது, 1912 ஜனவரி 6 அன்று, அந்தப் பெட்டி மலையில் கற்களைக் குவித்து ஒரு மேடு கட்டினார்கள். அதற்குள் 17 லிட்டர் மண்ணெண்ணெயும் தீப்பெட்டிகளும் வைத்தார்கள், பின்னால் வருகிற யாருக்காவது உதவட்டும் என்று. 1929 டிசம்பரில் லாரன்ஸ் கூல்டு என்ற புவியியலாளரும் ஐந்து பேரும் நாய் வண்டிகளோடு அந்தப் பக்கம் வந்தார்கள். அமுண்ட்சென் கிழக்கே தொலைவில் கண்டு கார்மென் நிலம் என்று குறித்த இடத்தில் நிலம் இல்லை, பனிதான் என்று அதே பயணத்தில்தான் தெரிந்தது. அவருக்கும் கண் ஏமாற்றியிருக்கிறது. ஆனால் பெட்டி மலை இருந்தது. கல்மேடு இருந்தது. பதினேழு ஆண்டுக்கும் மேலாக யாரும் தொடாத கற்களை நீக்கினால், தகர டின்னும் தீப்பெட்டியும் ஒரு துண்டுக் காகிதமும் அப்படியே இருந்தன.

துருவத்தை அடைந்து அதன் இடத்தை அளந்து குறித்தோம் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது. கையில் அறுபது நாள் உணவு, இரண்டு பனிச்சறுக்கு வண்டி, பதினொரு நாய். எல்லோரும் நலம்.

அன்புடன்.