பம்ப் நேரில்லாமல் பெல்ட்டை இறுக்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: பழைய கார் பராமரிப்பு

கேள்வி: என்னுடையது கான்டெஸா கிளாசிக், இசுஸு 1.8 பெட்ரோல். எஞ்சின் வேலை முடிந்து பவர் ஸ்டீயரிங் பம்பைத் திரும்ப மாட்டியதிலிருந்து பெல்ட் கிறீச்சிடுகிறது. இறுக்கினால் இரண்டு நாள் அடங்கும், பிறகு மறுபடியும் அதே சத்தம். புது பெல்ட்டிலும் ஒரு பக்கம் மட்டும் நார் நாராகப் பிரிகிறது. ஏற்காடு ஏறும்போது பெல்ட் கழன்றே விழுந்துவிட்டது. பம்பை மாற்ற வேண்டுமா?
– அஸ்தம்பட்டி வாசகர்

பம்பைச் சந்தேகிக்க இப்போது காரணமில்லை. பெல்ட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், எஞ்சின் முன்னால் பெல்ட்டை ஓட்டும் சக்கரமான கிராங்க் புல்லியின் காடியும் (பெல்ட் உட்காரும் பள்ளம்) பம்ப் புல்லியின் காடியும் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். இந்த நிலையில் இறுக்கினால் சத்தம் சற்று அடங்கும். ஆனால் அந்த இழுவை முழுவதும் பம்ப் ஷாஃப்ட்டின் பேரிங்கில் இறங்கும். சில மாதத்தில் ஷாஃப்ட் சீல் வழியாக ஆயில் கசியும். அப்போதுதான் பம்ப் உண்மையிலேயே கெடும்.

எஞ்சினை இறக்கி ஏற்றும்போது தொலைவது பெரும்பாலும் பம்பைத் தாங்கும் பிராக்கெட்டுக்குப் பின்னால் இடைவெளிக்காக வைக்கும் சின்ன ஸ்பேசர்தான். நீளமான போல்ட்டும் குட்டையான போல்ட்டும் இடம் மாறிப்போவதும் உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

பிறகு அளவெடுக்க வேண்டும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு பெல்ட்டைக் கழற்றுங்கள். பம்ப் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் புல்லியே வளைந்திருக்கிறது. ஸ்பேசர் வைத்து அதைச் சரிசெய்ய முடியாது. ஆடவில்லை என்றால் நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைக் கிராங்க் புல்லியின் முகத்தில் படிய வைத்து, பம்ப் புல்லி வரை நீட்டுங்கள்.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். இரண்டு புல்லிகளின் முகமும் ஸ்கேலைத் தொட்டால் நேராகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். நேராக இருக்க வேண்டியது காடி. விளிம்பின் தடிமன் புல்லிக்குப் புல்லி மாறும். ஒவ்வொரு புல்லியிலும் முகத்திலிருந்து காடியின் முன் ஓரம் வரை எவ்வளவு என்று வெர்னியர் அளவுகோலில் எடுங்கள். கிராங்க் புல்லியில் 4 மி.மீ., பம்ப் புல்லியில் 2.5 மி.மீ. என்றால், காடிகளின் அகலம் ஒன்றாக இருக்கும்பட்சத்தில், ஸ்கேலுக்கும் பம்ப் புல்லியின் முகத்துக்கும் நடுவில் 1.5 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் நேர்.

அந்த இடைவெளியைப் பம்ப் புல்லியின் இந்த ஓரத்திலும் எதிர் ஓரத்திலும் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு கூடவோ குறையவோ இருந்தால், பம்ப் முன்னோ பின்னோ தள்ளி நிற்கிறது, ஸ்பேசர் போதும். இரண்டு ஓரத்திலும் வேறு வேறு அளவு வந்தால் பம்ப் சாய்ந்திருக்கிறது. பிராக்கெட் உட்காரும் முகத்தில் பெயின்ட்டோ பழைய கேஸ்கெட் துணுக்கோ ஒட்டியிருக்கலாம், பிராக்கெட் வளைந்திருக்கலாம், விரிசலும் விட்டிருக்கலாம். சாய்வை ஒருபோதும் வாஷர் வைத்துச் சமாளிக்காதீர்கள்.

வி பெல்ட் (குறுக்குவெட்டில் V வடிவப் பெல்ட்) தாங்கும் கோணல் சுமார் அரை டிகிரி. புல்லிகளுக்கு நடுவே 300 மி.மீ. தூரம் இருந்தால் அது 2.5 மி.மீ. அளவுக்கு வரும். 1 மி.மீ.க்குள் கொண்டுவந்துவிட்டால் பெல்ட் நெடுநாள் உழைக்கும். ஸ்பேசரை லேத்தில் ஒரே துண்டாகக் கடைந்து வாங்குங்கள். சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. இரண்டு முகமும் இணையாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். நாலைந்து வாஷரை அடுக்கினால் அதிர்வில் அவை நசுங்கி, போல்ட் தளர்ந்து, கடைசியில் பிராக்கெட் காது உடையும்.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றி, பெல்ட்டைப் போட்டு இழுவை கொடுத்தபின், முதலில் நீள்துளைப் போல்ட்டையும் (பம்பை நகர்த்தி இழுவை வைக்கும் துளையில் இருப்பது) அடுத்து அச்சுப் போல்ட்டையும் (பம்ப் அசையும் மையத்தில் இருப்பது) இறுக்குங்கள். 8.8 வலிமைத் தர எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம், எம்10-க்கு 45 போதும். இழுவை கொடுக்க நெம்பும் கடப்பாறையைப் பம்பின் தகர ஆயில் டப்பாவில் முட்டுக்கொடுக்காதீர்கள். அது நெளிந்தால் கசிவு நிற்காது. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் சுமார் 10 கிலோ அழுத்தினால் 10 மி.மீ. இறங்க வேண்டும். இழுவை ஏறியதும் பம்ப் சற்றே சாயும் என்பதால் ஸ்கேல் சோதனையை மறுபடி செய்தே ஆக வேண்டும். எஞ்சினை அரை மணி ஓட்டி ஆறவிட்டபின் ஒருமுறையும், 500 கி.மீ. கழித்து ஒருமுறையும் இழுவையைச் சரிபாருங்கள்.

கேள்வி: வேறு பம்ப் கிடைத்திருக்கிறது. பழைய புல்லியைச் சுத்தியலால் தட்டி ஏற்றலாமா?
– ஓமலூர் வாசகர்

கூடாது. அந்த அடி ஷாஃப்ட் வழியாக உள்ளே போய், சுழலியையும் அதை ஒட்டிய தகட்டையும் காயப்படுத்தும். ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவித்துண்டும் நட்டும் உள்ள புல்லி என்றால் வேலை எளிது. நட்டே இல்லாமல் இறுக்கமாக ஏறும் வகையில் பெரும்பாலும் ஷாஃப்ட்டின் நடுவே மரை இருக்கும். அதில் போல்ட்டைப் போட்டு இழுத்து ஏற்றும் கருவி தேவை. கழற்றும்போதும் நடுக்கழுத்தைப் பிடிக்கும் புல்லர்தான் வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் புல்லி வளையும். எவ்வளவு ஆழம் ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே காடியின் நேர் அமையும் என்பதால், கடைசி 2 மி.மீ.யை அளந்து அளந்து ஏற்றுங்கள்.

காடியின் அகலத்தையும் பாருங்கள். 13 மி.மீ. காடியில் 10 மி.மீ. பெல்ட் போட்டால் அது அடியில் போய் உட்காரும். வி பெல்ட் பக்கச் சுவரைக் கவ்வித்தான் இழுக்கிறது; அடியில் பட்டால் வழுக்கும்.

கேள்வி: ஆயில் மாற்றியபின் பம்ப் முனகுகிறது. டப்பாவில் நுரை.
– ஆத்தூர் வாசகர்

உள்ளே காற்று இருக்கிறது. முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை ஓட்டாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக 20 தடவை திருப்புங்கள். ஆயில் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்றபின் எஞ்சினை ஐட்லிங்கில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காத ஓட்டம்) விட்டுத் திருப்புங்கள். கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்தாதீர்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். நுரை திரும்பத் திரும்ப வந்தால், டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கும். அங்கே ஆயில் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும்.

பிரேக் ஆயிலை ஒரு சொட்டுகூட இதில் சேர்க்காதீர்கள். ரப்பர் சீல்கள் உப்பிப் போகும்.

கேள்வி: அம்பாசிடரின் பழைய ராக்கிலேயே (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) பம்பை இணைக்க முடியுமா? பிரஷர் ஹோஸை உள்ளூரில் செய்யலாமா?
– கொண்டலாம்பட்டி வாசகர்

முடியாது. சாதாரண ராக்கில் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வும் இல்லை, சிலிண்டரும் இல்லை. பவர் ராக்கையே மாற்ற வேண்டும்.

ஹோஸ் செய்யலாம். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளால் இந்த வட்டாரத்தில் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். கார் பம்ப் 100 பார் வரை தள்ளும் என்பதால் கிளிப் போட்ட ஹோஸ் ஆபத்து; முனை அழுத்திப் பொருத்தியதாகவே இருக்கட்டும். எக்ஸாஸ்ட்டை விட்டு விலகிப் போகட்டும். எஞ்சின் அசைவதற்குக் கொஞ்சம் தளர்வும் வேண்டும். செப்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் எஞ்சின் நின்றுவிடுகிறது. கார்புரேட்டர் வண்டி.
– ஏற்காடு வாசகர்

முழு ஒடிப்பில் பம்ப் உச்ச அழுத்தத்துக்குப் போய் எஞ்சினை இழுக்கும். அடிவாரத்திலிருந்து 20 வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரம் வருகிறீர்கள். சேலம் அதைவிட 1,200 மீட்டருக்கு மேல் தாழ்வு. மேலே காற்று மெல்லியது. கீழே சரியாக வைத்த கலவை மேலே பெட்ரோல் மிகுந்து, ஐட்லிங் தானாக இறங்கும். வண்டி ஏற்காட்டிலேயே நிற்பதென்றால் ஐட்லிங்கை அங்கேயே, சூடான எஞ்சினில், சக்கரத்தை நேராக வைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு முழுதாக ஒடித்து, தாங்குகிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 50, 100 சுற்று விழுந்து மீள்வது இயல்பு. அணைந்தே போனால் ஏர் ஃபில்டரையும் ஐட்லிங் ஜெட்டையும் சுத்தம் செய்யுங்கள். ஓட்டும்போது கடைசிக் கோடியைத் தொட்டதும் ஒரு விரற்கடை திரும்ப விடுங்கள். பம்பின் சுமை உடனே குறையும்.

இறக்கத்தில் எஞ்சின் நின்றாலும் ஸ்டீயரிங் சக்கரத்தோடு இணைந்தே இருக்கும். கனக்கும், அவ்வளவுதான். ஆனால் மிதிக்கு உதவும் பிரேக் பூஸ்டரில் ஓரிரு அழுத்தலுக்குத்தான் வெற்றிடம் மிஞ்சும். மிதித்து மிதித்து விடாமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள்.